கைக்கு ஏழு பாயிண்ட்

அழைப்புக் கடிதத்தில் என் பெயருக்குக் கீழே ‘தொழில்முறை ஆட்டக்காரர்’ என்று அச்சடித்திருந்தது. கவரைப் பிரித்த கிளப் செயலாளர் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் அந்த நேரம் ஸ்நூக்கர் மேசையின் பச்சைத் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். வேறு யாருக்கோ வர வேண்டிய கடிதம் நம் தலையில் விழுந்துவிட்டது, திருப்பி அனுப்புவதற்குள் என்னென்ன கேட்பார்களோ என்றுதான் என் மனதில் முதலில் ஓடியது. துணி கருகும் வாடை வருவதாகத் தோன்றி இஸ்திரிப் பெட்டியை வெடுக்கென்று தூக்கினேன். கருகவில்லை. எனக்கு எப்போதும் கருகுவதற்கு முன்பே வாடை வந்துவிடும்.

சிவகாசியில் வியாபாரிகளும் பட்டாசுக் கம்பெனி முதலாளிகளும் சாயங்காலம் கூடுகிற கிளப் அது. நான் அங்கே மார்க்கர். மெம்பர்கள் ஆடும்போது மேசையருகே நிற்க வேண்டும். பந்து குழியில் விழுந்தால் எடுத்து அதன் புள்ளியில் வைக்க வேண்டும். பாயிண்டை உரக்கச் சொல்லி, சுவர்ப் பலகையில் முள்ளை நகர்த்த வேண்டும். மெம்பர் தனியாக வந்துவிட்டால் அவரோடு ஆட வேண்டும். ஆடினால் தோற்கவும் வேண்டும், அதுவும் கொஞ்ச வித்தியாசத்தில். கடைசிப் பந்தைக் குழியின் வாயில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, “அடடா, நூல்ல போச்சே சார்” என்று உதட்டைப் பிதுக்க வேண்டும். மெம்பர் அதைத் தட்டிப் போட்டுவிட்டுச் சிரித்த முகமாக வீட்டுக்குப் போவார். பதினொரு வருஷமாக இதைச் செய்துகொண்டிருந்தேன். சம்பளம் வாங்கிக்கொண்டு மேசையருகே நிற்பவன் தொழில்முறைக்காரன் என்று சொல்லி, மெம்பர்களின் போட்டிகளில் எங்களைச் சேர்ப்பதில்லை. அந்த விதியின் கணக்கில்தான் அந்தக் கடிதம் வந்திருந்தது.

தென்மாவட்ட மார்க்கர்களுக்கென்று தரவரிசைப் போட்டி. விருதுநகரில், ஒரு கிளப் ஹாலில். பதினாறு பேர். முதல் ஆட்டத்தில் ஜெயித்தால் எட்டுக்குள். எட்டுக்குள் வந்தவர்களுக்குத்தான் ரேங்க். அவர்கள்தான் அடுத்து சென்னைக்குப் போக முடியும். அவர்கள் பெயர்தான் பேப்பரில் வரும்.

செயலாளர் கடிதத்தை மடித்து என் சட்டைப் பையில் சொருகினார். “ஏலே, எட்டுக்குள்ள வந்துட்டேன்னு வையி, காலையில ஆறுல இருந்து எட்டு வரைக்கும் மேசை ஒனக்கு. நான் கமிட்டியில பேசுதேன். நீ பாட்டுக்கு ஆடிப் பழகிக்க. வரலேன்னா பழையபடி சாக்பீஸைப் பொறுக்கு.”

மேசை எனக்கு என்றால் என்னவென்று சொன்னால்தான் விளங்கும். அந்தப் பதினொரு வருஷத்தில், எதிரே மெம்பர் இல்லாமல் அந்த மேசையில் ஒரு பந்தைக்கூட நான் அடித்ததில்லை. மார்க்கர் தனியாக ஆடக் கூடாது. துணி தேயுமாம்.

அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது பேப்பர் சமாச்சாரம். நான் ஏழாம் வகுப்பு அரைப்பரீட்சையோடு நின்று தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போனவன். பத்தாம் வகுப்பு ரிசல்ட் பேப்பரில் வருகிற அன்று டீக்கடையில் பெரிய கூட்டம் நிற்கும். என்னோடு படித்தவர்கள் எண்ணைத் தேடியபோது நான் அவர்கள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். எனக்கு எண் கிடையாது. தேடுவதற்கு எதுவும் இல்லாமல் ஒரு பட்டியலை வாசிப்பது எப்படி இருக்கும் என்று வாசித்தவனுக்குத்தான் தெரியும். எட்டுப் பெயரில் ஒன்றாக, பொடி எழுத்தில், ஓர் ஓரத்தில் வந்தால் போதும் என்று இருந்தது. அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

என் மனைவியின் அண்ணன், என் மச்சான், ஆஃப்செட் அச்சகத்தில் மிஷின்மேன். நான் எதற்கெல்லாம் பயப்படுகிறேனோ அதற்கெல்லாம் அவர் சிரிப்பார். போட்டிச் சேதி கேட்டதும் குதித்தார். “மாப்ள, ஜெயிச்சதும் போஸ்டர் அடிக்கோம். விருதுநகர் வரைக்கும் ஒட்டுதோம்.”

“ஜெயிக்கட்டும், பெறகு பாப்போம்” என்றேன்.

“அதெல்லாம் ஜெயிப்ப. ஒனக்குப் பயப்படுததுக்கு ஏதாச்சும் வேணும், பயந்துக்கிட்டு இரு.”

ஆடிப்பெருக்கு நெருங்கிய சமயம். அன்றைக்குத்தான் புது வருஷக் காலண்டர் மாதிரிகளை வெளியிடுவார்கள். அதற்குப் பிறகு தீபாவளி லேபிள் லோடு. சிவகாசியில் அந்த மாதங்களில் ஒரு மிஷினும் மூச்சுவிடாது. எங்கள் ஊர் அச்சகங்களில் ஒரு பழக்கம் உண்டு. பெரிய ஷீட்டில் காலண்டர் போக ஓரத்தில் இடம் மிஞ்சினால், அதை வீணாக்காமல் வேறு ஏதாவது சின்ன வேலையைச் சேர்த்து அடித்துவிடுவார்கள். போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் மச்சானுக்கு அப்படி ஓர் இடம் மிஞ்சியது. கறுப்பு மட்டும் ஓடுகிற ஓரம். இனி இப்படி இடம் கிடைக்க எம்புட்டு நாள் ஆகுமோ என்று யோசித்தவர், ஜெயிப்பதற்கு முன்பே போஸ்டரை அடித்துவிட்டார். அடித்து, கட்டி, ஜெயித்த பிறகு ஒட்டுவதற்காக ஓரமாக வைத்தார். என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் சாப்பிடுகிற கொஞ்சத்தையும் நிறுத்திவிடுவேன் என்று நினைத்தாராம்.

போஸ்டர் ஒட்டுகிறவர் வந்தார். கோயில் போஸ்டர் கட்டோடு பக்கத்தில் இருந்த கட்டையும் சேர்த்து எடுத்துப் போனார். போட்டி நாள் விடிவதற்குள் பசை வாளி காலியாகிவிட்டது.

எனக்கு இதெல்லாம் தெரியாது. காலை ஏழு மணிக்கு விருதுநகர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். மடியில் க்யூ குச்சி வைத்த பெட்டி. சட்டைப் பையில் குச்சி முனையில் தேய்க்க ஒன்றுக்கு இரண்டு சாக்பீஸ், ஒன்று தொலைந்தால் இருக்கட்டும் என்று. பக்கத்தில் மஞ்சள் சேலை கட்டிய ஒரு அம்மா, இருக்கன்குடி மாரியம்மனுக்கு மாலை போட்டவர் போலிருந்தது. திருத்தங்கல் தாண்டி பஸ் ஒரு வளைவில் மெதுவானபோது சுவரில் என்னைப் பார்த்தேன்.

கல்யாண போட்டோ. கழுத்தில் ரோஜா மாலை. மனைவியை வெட்டியிருந்தார்கள், அவள் வளையல் கை மட்டும் என் முழங்கையில் மிச்சம் இருந்தது. முழுக்கக் கறுப்பு மை. மேலே கொட்டை எழுத்தில், ‘தொழில்முறை ஸ்நூக்கர் தரவரிசையில் முதல் எட்டு பேருக்குள் இடம்பிடித்த எங்கள் மாப்பிள்ளைக்கு வாழ்த்துகள்.’ கீழே, ‘இவண்: மாமன் மச்சான்மார்.’

அந்த அம்மாவும் பார்த்தார். அவருக்கு எழுத்து தெரியாது. மாலை போட்ட முகமும் கறுப்பு மையும்தான் தெரிந்தன. சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடுத்த சுவரிலும் நான் இருந்தேன். மறுபடி என்னைப் பார்த்தார்.

“ஏய்யா,” என்றார் மெதுவாக, “கூடப் பொறந்தவுகளா?”

“இல்லம்மா. நாந்தான்.”

அவர் சட்டென்று மடியிலிருந்த வேப்பிலையை எடுத்து என் தலையைச் சுற்றி வெளியே போட்டார். “நூறு வயசு இருப்ப சாமி” என்று கன்னத்தைத் தொட்டார். பின்னால் இருந்தவர் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, “யம்மா, அது சாவு போஸ்டர் இல்ல. தம்பி என்னமோ ஜெயிச்சிருக்காக!” என்று சத்தமாகச் சொன்னார். பஸ்ஸே திரும்பியது. கண்டக்டர் வந்து கை கொடுத்தார். “எப்ப ஜெயிச்சீக?”

“இனிமேத்தான்” என்றேன்.

கண்டக்டருக்கு அது விளங்கவில்லை. நல்லவேளை, ஆமத்தூர் வந்து கூட்டம் ஏறிக்கொண்டது. எனக்கு உள்ளங்கையெல்லாம் வேர்த்து, பெட்டியின் பிடி வழுக்கியது. இனித் தோற்றால் வெறும் தோல்வி இல்லை. திரும்பி வருகிற வழியெல்லாம் சுவருக்குச் சுவர் நான் மாலையோடு நின்று பொய் சொல்லிக்கொண்டிருப்பேன்.

விருதுநகர் ஹால் வாசலிலும் ஒன்று ஒட்டியிருந்தது. அதன் எதிரே, இடுப்பில் கை வைத்து, ஐம்பது வயதுக்காரர் ஒருவர் நின்று வாசித்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, விரல் நுனியெல்லாம் நீலச் சாக்பீஸ் பொடி. மதுரையில் ஒரு கிளப்பில் முப்பது வருஷ மார்க்கர். என் முதல் ஆட்டத்தின் எதிராளி.

“வாங்க மாப்பிள்ளை,” என்றார். “ரிசல்ட்டையே அடிச்சு ஒட்டிட்டாய்ங்க. நான் எதுக்குப்பே வந்தேன்? டீ குடிச்சிட்டுக் கெளம்பவா?”

“அண்ணே, எனக்குச் சத்தியமாத் தெரியாது” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

“இந்த வளையல் கை யாரு கை?”

“வீட்டுல.”

“அவுகளாவது தப்பிச்சாகளே.”

உள்ளே நடுவர் எல்லாரையும் கூட்டி விதிகளைச் சொன்னார். அவரும் பழைய மார்க்கர்தான். வெள்ளைக் கையுறை மாட்டியிருந்தார். “இங்கன ஆடுறது பூராம் மார்க்கருங்க. அதனால ஒரு விசயத்தை முன்கூட்டியே சொல்லிருதேன். விழுந்த பந்தை நான் மட்டுந்தான் எடுத்து வைப்பேன். ஆடுறவர் கை பந்துல பட்டா ஃபவுல். எந்தப் பந்தா இருந்தாலும் சரி, எதிராளிக்கு ஏழு பாயிண்ட். நான் கவனிக்கலேன்னா எதிராளி அப்பவே சொல்லணும். அடுத்த அடி அடிச்சாச்சுன்னா பெறகு பேச்சே கெடையாது.”

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவர், முதல் மேசையில் ஆடியவர், முதல் கலர் பந்தைப் போட்டதும் விறுவிறுவென்று போய் அதை எடுத்துப் புள்ளியில் வைத்து, “ஆறு!” என்று மெம்பருக்குச் சொல்வது போல் உரக்கச் சொன்னார். ஏழு பாயிண்ட் போயிற்று. அதற்கப்புறம் ஹாலில் சிரிப்பு நின்றுவிட்டது. ஒருவர் இடது கையில் கர்ச்சீப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். இன்னொருவர் அடித்து முடித்ததும் கையை பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டார். நான் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் உடம்பில் எனக்கு நம்பிக்கை இல்லாத உறுப்புகளில் அதுவும் ஒன்று.

பத்து மணிக்கு எங்கள் ஆட்டம். பந்தெல்லாம் தீரும்வரை ஆடுவது ஒரு பிரேம்; ஐந்து பிரேமில் மூன்று ஜெயித்தவர் எட்டுக்குள். அதற்குள் மச்சான் அச்சகத்தில் லீவு சொல்லிவிட்டு ஓடி வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். போஸ்டரைப் பற்றிப் பேச வாய் எடுத்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். “சரி சரி, அது பெறகு. மாப்ள, நான் ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவேன். கையி!” என்றார். ஆட்டம் முழுக்க, நான் பந்தைப் போடுகிற ஒவ்வொரு தடவையும் அவரிடமிருந்து “கையி, கையி” என்று ஒரு சீறல் வந்துகொண்டே இருந்தது.

முதல் இரண்டு பிரேமும் தோற்றேன். என் கை பந்தைத் தொடவில்லை, ஆனால் அதைவிடப் பெரிய காரியம் செய்தது. ஜெயிக்கிற நேரம் வந்ததும், அடி தானாகத் தளர்ந்தது. பந்து குழியின் வாயில் போய், பாந்தமாக, மெம்பருக்கு வைத்த மாதிரி நின்றது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. மூன்றாவது தடவை, “அடடா, நூல்ல போச்சே” என்று என் வாயே சொல்லிவிட்டது.

மதுரைக்காரர் அதைத் தட்டிப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். “எனக்கு வச்சுக் குடுக்குறீங்களா? நான் மெம்பர் இல்லப்பே. எனக்கு இந்த மரியாதையெல்லாம் பழக்கமில்ல, கூச்சமா இருக்கு.”

ஹாலே சிரித்தது. எல்லாருக்கும் அது தெரிந்த அடி. பதினாறு பேரும் அதை அடித்துத்தான் பிழைப்பு நடத்தினோம்.

இடைவேளையில் மச்சான் டீ டம்ளரை என் கையில் திணித்தார். பஸ்ஸில் நடந்ததை அவரிடம் சொன்னேன். ஆறுதல் சொல்லத் தெரியாதவர் அவர். “மாப்ள, நான் செஞ்சது தப்புத்தான். ஆனா நீ செவுத்துல நிக்க. தோத்துட்டு எந்தப் பஸ்ல திரும்புவ? அந்தக் கண்டக்டர் கிட்ட என்னத்தச் சொல்லுவ?”

டீயைக் குடிக்காமலே கீழே வைத்தேன். ஒரு விஷயத்தை இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் ஆட்டத்தில் தைரியம் வந்து ஜெயிப்பார்கள் போலிருக்கிறது. எனக்கு வந்தது இன்னொரு பயம். தோற்றுவிட்டு அந்த பஸ்ஸில் ஏறுகிற பயம், ஜெயிக்கிற பயத்தைவிடப் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான். மூன்றாவது பிரேமில் ஒவ்வொரு பந்தையும் அந்த பஸ்ஸைப் பார்த்து அடிப்பது போல் அடித்தேன். படார் படார் என்று குழியின் பின்தோலில் மோதி விழுந்தன. இப்படி நான் அடித்து நானே கேட்டதில்லை. கிளப்பில் இந்தச் சத்தம் வந்தால் மெம்பர்கள் முகம் சுளிப்பார்கள்.

மூன்றாவது எனக்கு. நான்காவதும் எனக்கு. இரண்டுக்கு இரண்டு. மற்ற மேசையில் ஆட்டம் முடிந்தவர்கள் எல்லாரும் எங்கள் மேசையைச் சுற்றி வந்து நின்றார்கள். மச்சான் நாற்காலியின் மேல் ஏறி, இறக்கிவிடப்பட்டார்.

கடைசிப் பிரேம். சிவப்புப் பந்து ஒன்றைப் போட்டால் ஒரு பாயிண்ட், அதோடு ஒரு கலர் போடும் வாய்ப்பு. போட்ட கலர் மறுபடி அதன் புள்ளிக்கு வரும். சிவப்பெல்லாம் தீர்ந்த பிறகு மஞ்சளில் தொடங்கிக் கறுப்பு வரை ஆறு கலரையும் வரிசையாகப் போட வேண்டும். அந்த ஆறும் சேர்ந்து இருபத்தேழு. இந்தக் கூட்டலை மார்க்கருக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். ஏழாம் வகுப்புக் கணக்கு எனக்குப் போதும். முப்பத்தைந்துக்கு நாற்பத்தெட்டு என்று நான் பின்தங்கி இருந்தபோது மதுரைக்காரர் கடைசிச் சிவப்பைப் போட்டார். நாற்பத்தொன்பது. அடுத்ததாகக் கறுப்பைக் குறிவைத்தார்.

நீளமான அடி. ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும். கறுப்பு மேசையின் ஓரம் தேய்ந்தபடி ஓடி, மூலைக் குழியில் விழுந்தது. ஐம்பத்தாறு. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், நல்ல அடிக்குத் தட்டுவது எங்கள் தொழில். இருபத்தொரு பாயிண்ட் பின்னால் நான். வெள்ளைப் பந்து சுற்றி வந்து மஞ்சளுக்கு நேராக நின்றது. இனி அவர் மஞ்சளையும் பச்சையையும் மட்டும் போட்டால் என் கணக்கு முடிந்தது.

கைதட்டல் ஓயவில்லை. அவர் சந்தோஷத்தில் மேசையைச் சுற்றி நடந்தார். மூலைக் குழியில் கை விட்டுக் கறுப்பை எடுத்தார், வேட்டி நுனியில் துடைப்பது போல் சட்டையில் ஒரு தேய்ப்புத் தேய்த்தார், அதன் புள்ளியில் வைத்தார், கட்டை விரலால் லேசாக ஒரு அழுத்து அழுத்தினார். நடுவர் அவரைப் பார்த்து, நன்றி என்பது போல் தலையசைத்தார்.

யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. நடுவருக்கும் தோன்றவில்லை. அங்கே நின்ற அத்தனை மார்க்கருக்கும் அதைவிட இயல்பான காட்சி உலகத்தில் கிடையாது. காலையிலிருந்து கை, கை என்று செத்துக்கொண்டிருந்த நான் ஒருவன்தான் பார்த்தேன். மச்சான்கூட வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவர் குனிந்து மஞ்சளுக்குக் குறிபார்த்தார். க்யூ முன்னும் பின்னும் போய் வந்தது. அடித்துவிட்டால் பேச்சு கிடையாது. ஒரு மூச்சு நேரம் இருந்தது எனக்கு. மேசையருகே நின்று யாரையும் நான் மறுத்துப் பேசியதில்லை. மெம்பர் தப்பாகப் பாயிண்ட் சொன்னாலும், “ஆமா சார்” என்றுதான் முள்ளை நகர்த்துவேன். இவர் வயதில் மூத்தவர், அந்தக் கறுப்பை நியாயமாகப் போட்டவர். ஒரு பழக்கத்துக்காக அவரைப் பிடித்துக் கொடுப்பதா? சொன்னால் என்ன நினைப்பார்கள்? சொல்லாவிட்டால் எந்த பஸ்ஸில் போவேன்? மஞ்சள் சேலை அம்மா, வேப்பிலை, கண்டக்டரின் கை, பேப்பரில் எட்டுப் பெயர், எல்லாம் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

“அண்ணே...” என்றேன். ஃபவுல் என்ற வார்த்தை வரவில்லை. “அண்ணே, கை.”

க்யூ நின்றது. அவர் குனிந்தபடியே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். பிறகு தன் இடது கையைப் பார்த்தார், வேறு யாருடையதோ அங்கே வந்து ஒட்டிக்கொண்ட மாதிரி. பிறகு புள்ளியில் இருந்த கறுப்பை.

“ஆத்தீ,” என்றார். “வச்சுட்டேன்ல?”

 ஹால் முழுக்க வெடித்த சிரிப்பு, பத்தாயிரம் வாலா போட்ட மாதிரி நிற்கவே இல்லை. நடுவர் முகம் சிவந்து, “நான் தலைய வேற ஆட்டிட்டேனே” என்று முனகினார்.

மதுரைக்காரர் நிமிர்ந்தார். “குடுங்க ஏழு அவருக்கு. முப்பது வருசக் கை, நான் சொன்னா கேக்குமா?” என்றார். நாற்காலியில் போய் உட்கார்ந்து, இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். “இனிமே இருடா அங்கனயே.” பிறகு என்னைப் பார்த்து, “என்னப்பே, நிக்கிற? ஆடு. பாத்தது பாத்துட்ட, மிச்சத்தையும் பாத்து அடி.”

ஐம்பத்தாறுக்கு நாற்பத்திரண்டு. மேசையில் இருபத்தேழு. கூட்டிப் பார்த்தேன். நீலம் வரைக்கும் போட்டால் சமம். பிங்கையும் போட்டால் ஆறு பாயிண்ட் முன்னால். ஆனால் கறுப்புக்கு ஏழு. ஆக, கறுப்பை விட்டால் எல்லாம் போகும். எதையுமே விட முடியாது.

மஞ்சள் அவரே எனக்கு நேராக வைத்துவிட்டுப் போனது. விழுந்தது. “கையி!” என்றது முன்வரிசை. பச்சை விழுந்தது. “கையி!” பழுப்பு விழும்போது முன்வரிசையோடு இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். நீலத்துக்கு ஹாலே, “கையி!” என்றது, மதுரைக்காரர் உட்பட. நான் இரண்டு கையாலும் க்யூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மேசையைச் சுற்றி நடந்தேன். பிங்க் குழியின் உதட்டில் இரண்டு தடவை இடித்தது. என் உயிர் அந்த உதட்டில் நின்றது. பிறகு உள்ளே போனது.

அறுபத்திரண்டுக்கு ஐம்பத்தாறு. கறுப்பு மட்டும் மிச்சம்.

நேரான அடிதான். கிளப்பில் கண்ணை மூடிக்கொண்டு வாயில் நிறுத்துகிற அடி. அதுதான் பயமாக இருந்தது. குனிந்ததும் கை தளரத் தொடங்குவது தெரிந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பதினொரு வருஷ மரியாதை இறங்கி வந்துகொண்டிருந்தது. நான் எழுந்துவிட்டேன். சாக்பீஸ் தேடினேன். ஒன்று எங்கோ விழுந்திருந்தது. இரண்டாவது பையில் இருந்தது. இரண்டு எடுத்து வந்ததற்காக என்னை நானே அன்றைக்கு ஒரு தடவை மெச்சிக்கொண்டேன். நிதானமாகத் தேய்த்து, மறுபடி குனிந்து, யோசிப்பதற்குள் அடித்தேன்.

படார்.

அதற்குப் பிறகு நடந்ததை மச்சான் இன்றைக்கும் கல்யாண வீடுகளில் நடித்துக் காட்டுவார். எல்லாரும் கத்துகிறார்கள், மச்சான் நாற்காலியோடு சாய்கிறார், நான் விறுவிறுவென்று மூலைக்குப் போய், குழியில் கை விட்டு, கறுப்பை எடுத்து, சட்டையில் துடைத்து, புள்ளியில் வைக்கப் போகிறேன். “கையீ!” என்று மொத்த ஹாலும் அலறியது. பந்து என் கையிலேயே உறைந்துவிட்டது. போச்சு, ஏழு போச்சு, எல்லாம் போச்சு என்று கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது.

நடுவர் வந்து என் கையிலிருந்து பந்தை மெல்லப் பிரித்தெடுத்தார். “ஆட்டம் முடிஞ்சுபோச்சு தம்பி. இனிமே எம்புட்டு வேணாலும் தொடுங்க.”

மூன்றுக்கு இரண்டு. எட்டுக்குள்.

மதுரைக்காரர் கை கொடுத்தார். நான், “அண்ணே, மனசுல வச்சுக்கிராதீக” என்று ஆரம்பித்தேன். இரண்டு தடவை சொன்னேன், மூன்றாவது தடவைக்கு அவர் விடவில்லை. “நானா இருந்தா ரெண்டு மூச்சு முன்னாடியே சொல்லியிருப்பேன். நீ என்னப்பே, பொண்ணு கேக்க வந்தவன் மாதிரி அண்ணே அண்ணேன்னுக்கிட்டு.” அப்புறம் மச்சானிடம் திரும்பினார். “போஸ்டர் மிச்சம் இருக்கா? ஒண்ணு குடுங்க. எப்படித் தோத்தேன்னு வீட்டுல கேப்பாக. முன்னாடியே அடிச்சு ஒட்டிட்டாய்ங்க, நான் என்ன செய்யன்னு சொல்லிக்கிருதேன்.” மச்சான் பையிலிருந்து சுருட்டிய ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கடைசி வரை அவர் ஒன்றுக்காவது வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். ஒவ்வொரு சுவராக எண்ணிக்கொண்டே வந்தேன். பதினாலு. வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி கேட்டது ஆட்டத்தை இல்லை. “ஊருக்கெல்லாம் ஒங்க மூஞ்சி. என்னைய எங்க?”

“அங்கன ஒன் கை இருக்குல்ல.”

“அந்த வளையல் எங்கம்மா ஆசையா வாங்கிப் போட்டது” என்றாள். பிறகுதான் சிரித்தாள்.

அடுத்த நாள் காலிறுதியில் திருநெல்வேலிக்காரர் ஒருவர் என்னை மூன்றுக்குப் பூஜ்யம் என்று அடித்தார். முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. நான் எட்டாவது ரேங்க். எட்டு பேரில் எட்டாவது. எனக்கு அது உறுத்தவே இல்லை. என் கவலையெல்லாம் பேப்பரில் ஏழோடு நிறுத்திவிடுவார்களோ, இடம் போதவில்லை என்று கடைசிப் பெயரை வெட்டிவிடுவார்களோ என்பதுதான். ஷீட்டில் இடம் மிஞ்சுவதும் குறைவதும் எங்கள் ஊர்க்காரனுக்குத் தெரியாதா?

மறுநாள் காலை டீக்கடையில் பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்து ஆளுக்கொன்றாக வைத்திருந்தார்கள். விளையாட்டுப் பக்கம் வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் கையில் இருந்தது. அவர் அதன் மறுபக்கத்தில் நிலம் விற்பனை விளம்பரத்தை ஓர் எழுத்து விடாமல் வாசித்துக்கொண்டிருந்தார். நான் எதிரே குனிந்து, தாளின் இந்தப் பக்கத்தை அண்ணாந்து வாசிக்கப் பார்த்தேன். அவர் தாளைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார்.

“என்ன தம்பி, ரிசல்ட்டா?”

“ஆமாங்கய்யா.”

“எத்தனாப்பு? பத்தா, பன்னெண்டா?”

நான் தாளுக்குக் கை நீட்டினேன். அவர் தாளை மறுபக்கம் திருப்பி என்னிடம் கொடுத்தார். கிரிக்கெட்டுக்குக் கீழே, டயர் விளம்பரத்துக்குப் பக்கத்தில், கட்டை விரல் அகலத்தில் இருந்தது. முதல் சுற்று முடிவுகள். ஒவ்வொரு வரியிலும் இரண்டு பெயர், ஜெயித்தவர், தோற்றவர், நடுவில் எண்ணிக்கை. என் பெயரும் மதுரைக்காரர் பெயரும் ஒரே வரியில், 3-2. கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கீழே தரவரிசை. ஒன்று, இரண்டு என்று விரலை வைத்து இறங்கினேன், கடைசி வரிக்கு வந்ததும் விரலை எடுக்கப் பயமாக இருந்தது. எடுத்தேன். இருந்தது.

செயலாளர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கமிட்டியில் ஒருவர் துணி தேயும் என்று சொன்னாராம். “தேஞ்சா இஸ்திரி போடுறவன் அவந்தானே” என்று இவர் சொல்லிவிட்டாராம். அடுத்த திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் முன்னதாகவே கிளப் கதவைத் திறந்தேன். உள்ளே யாரும் இல்லை. விளக்கைப் போட்டேன். பந்துகளை அடுக்கினேன். சாவியைக் கதவில் விட்டேனா என்று ஒரு தடவை போய்ப் பார்த்து வந்தேன். பிறகு ஒரு சிவப்பையும், அடுத்துக் கறுப்பையும் அடித்தேன். படார் என்று உள்ளே விழுந்தது. க்யூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்ற பிறகுதான் எடுத்து வைக்க அங்கே வேறு ஆள் இல்லை என்பது உறைத்தது.

போய் எடுத்தேன். சட்டையில் துடைத்தேன். வைத்து, கட்டை விரலால் ஒரு அழுத்து. பழக்கத்தில், “எட்டு, சார்” என்று உரக்கச் சொல்லிவிட்டு, பலகையில் முள்ளை என் பக்கம் நகர்த்தினேன்.